அறுபது இடங்கள், மூன்று வாக்கெடுப்புகள்: ஒரு மாதிரி நாடாளுமன்றத்தில் பிரதமர் உருவான கதை

பின்னணி

கல்லூரி ஒன்றின் அரசியல் அறிவியல் மாணவர்களுக்காக இரண்டு நாள் மாதிரி நாடாளுமன்றம் நடத்தினோம். ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது பிரதமர் எப்படி உருவாகிறார் என்பதை மாணவர்கள் தாங்களே செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நடந்ததை வரிசையாக இங்கே எழுதி வைக்கிறேன். இதே பயிற்சியை நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு எங்கள் தவறுகளும் பயன்படும்.

அவையில் 60 உறுப்பினர்கள். முன்தினம் நடந்த தேர்தலில் நீலக் கட்சிக்கு 25, பச்சைக் கட்சிக்கு 19, மஞ்சளுக்கு 9, வெள்ளைக்கு 5 இடங்கள் கிடைத்தன. இரண்டு பேர் சுயேச்சைகள். பெரும்பான்மைக்கு 31 வேண்டும். அதுவரை ஆட்சியில் இருந்தது பச்சைக் கட்சி என்று வைத்துக்கொண்டோம். எனவே அதன் தலைவரான மாணவிதான் பதவியிலிருந்த பிரதமர். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் குடியரசுத் தலைவர். ஆலோசனை சொல்ல அவருக்கு இரண்டு பேர்.

பிரதமர் நியமனம் பற்றி விதித்தாளில் நான் எழுதியிருந்தது ஒரே வரி: "அவையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவரைக் குடியரசுத் தலைவர் பிரதமராக நியமிப்பார்." நிஜத்திலும் பல இடங்களில் இதைவிட அதிகம் எழுதப்பட்டிருப்பதில்லை. இந்திய அரசமைப்பின் 75-ஆம் பிரிவு, பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றும், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்றும் சொல்கிறது. யாரை முதலில் அழைப்பது என்று அதில் இல்லை. பிரிட்டனில் எல்லாமே மரபு. ஆகவே ஒரு வரி போதும் என்று நினைத்தேன்.

தொடங்கும் முன் எல்லோரிடமும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, "பிரதமரைத் தேர்ந்தெடுப்பது யார்?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் "மக்கள்" என்று எழுதினார்கள். அதில் ஆச்சரியமில்லை. தேர்தல் நேரத்தில் ஒவ்வொரு கட்சியும் ஒரு முகத்தைத்தான் முன்னிறுத்துகிறது. ஆனால் வாக்காளர் தேர்ந்தெடுப்பது தன் தொகுதி உறுப்பினரை, அல்லது ஒரு கட்சியின் பட்டியலை. பிரதமருக்கென்று தனி வாக்குச்சீட்டு வைத்துப் பார்த்த நாடு இஸ்ரேல். 1996, 1999, 2001 என்று மூன்று முறை அப்படித் தேர்தல் நடத்திவிட்டு அந்த முறையையே கைவிட்டது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த பிரதமரும் அவையின் நம்பிக்கையை நம்பித்தான் இருக்க வேண்டியிருந்தது. அவையோ முன்பைவிடச் சிறு சிறு கட்சிகளாகச் சிதறியது.

முதல் நாள் காலை: தேவையில்லாத ஒரு ராஜினாமா

முடிவுகளைப் பலகையில் எழுதிய சில நிமிடங்களிலேயே பச்சைக் கட்சித் தலைவர் எழுந்துபோய் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். "தோத்துட்டோம், அப்புறம் எப்படி நாற்காலியில உட்கார்றது?" என்பது அவர் சொன்ன காரணம். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் தோற்றுவிட்டாரா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அவர் கட்சிதான் பின்தங்கியிருந்தது. அவை இன்னும் கூடவே இல்லை.

பிரிட்டனில் 1974 பிப்ரவரி 28-ஆம் தேதி நடந்த தேர்தலில் அப்போதைய பிரதமர் எட்வர்டு ஹீத்தின் கட்சிக்கு 297 இடங்கள், எதிரணியான தொழிற்கட்சிக்கு 301. ஹீத் உடனே விலகவில்லை. பதவியில் இருந்தபடியே லிபரல் கட்சியோடு பேசிப் பார்த்தார். பேச்சு தோற்ற பிறகு மார்ச் 4-ஆம் தேதிதான் விலகினார். பதவியிலிருக்கும் பிரதமர் புதிய அவையைச் சந்தித்து "என்னை ஏற்கிறீர்களா?" என்று கேட்கலாம். நாட்டுக்கு ஒரு நாள்கூட அரசு இல்லாமல் போகக் கூடாது என்பதற்காகவும், அடுத்தவர் வரும்வரை அவர் இருந்தாக வேண்டும்.

இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். நடப்பது நடக்கட்டும், பிறகு பேசுவோம் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு கடிதம் அன்றைய நாள் முழுவதையும் திருப்பிவிடும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதல் அழைப்பு

நீலக் கட்சித் தலைவர் வந்து உரிமை கோரினார். "நாங்கள்தான் தனிப்பெரும் கட்சி" என்றார். குடியரசுத் தலைவர் கேட்ட முதல் கேள்வி சரியானது: "மீதி ஆறு பேர் யார்?" "வந்துவிடுவார்கள்" என்பதுதான் பதில்.

ஆலோசகர்களில் ஒருவர், பெரிய கட்சியை அழைப்பதுதான் மரபு என்றார். மற்றவர், ஆதரவுக் கடிதம் இல்லாமல் அழைக்கக் கூடாது என்றார். இரண்டுக்கும் முன்னுதாரணம் உண்டு. 1996 மே மாதம் இந்தியாவில் 161 இடங்கள் பெற்ற பாரதிய ஜனதா கட்சியைத் தனிப்பெரும் கட்சி என்ற அடிப்படையில் அழைத்தார்கள். வாஜ்பாய் 13 நாட்களில், வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார். 1998-இல் அதே கட்சி மீண்டும் முதலிடம் பிடித்தபோது, குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் கூட்டணிக் கட்சிகளின் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டு வாங்கிய பிறகே அழைத்தார்.

எங்கள் குடியரசுத் தலைவர் முதல் ஆலோசனையை ஏற்றார். நீலத் தலைவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்து, மறுநாள் காலை பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார். "பெரிய கட்சியைக் கூப்பிட்டால் என்னைப் பாரபட்சம் என்று யாரும் சொல்ல முடியாது" என்று பிறகு விளக்கினார். அவரது அச்சம் எனக்குப் புரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றத்தக்க ஒரு விதி கையில் இருந்தால் பாதுகாப்பாகத்தான் இருக்கும். ஆனால் எது பெரிய கட்சி என்பதும், எவரை அவை தாங்கும் என்பதும் வேறு வேறு கேள்விகள். 1989-இல் 197 இடங்களோடு காங்கிரஸ்தான் பெரிய கட்சி. அது உரிமை கோரவில்லை. 143 இடங்கள் வைத்திருந்த ஜனதா தளத்தின் வி.பி. சிங் பிரதமரானார்.

இரண்டு கடிதங்கள்

மதியத்துக்குள் பச்சை, மஞ்சள், வெள்ளை மூன்றும் பேசி முடித்து 33 பெயர்கள் கொண்ட கடிதத்தோடு வந்தன. அதற்குள் ஒருவர் பிரதமராகியிருந்தார். நீலக் கட்சியும் தன் பங்குக்கு ஒரு கடிதம் கொடுத்தது: தன் 25 பேர், சுயேச்சைகள் இருவர், வெள்ளைக் கட்சியினர் இருவர். அந்த வெள்ளைக் கட்சியினர் இருவரின் கையெழுத்தும் இரண்டு கடிதங்களிலும் இருந்தது.

இன்னொன்றும் கவனித்தோம். மஞ்சள் கட்சியின் ஒன்பது பேருக்காகவும் தலைவர் மட்டுமே கையெழுத்திட்டிருந்தார். அதில் இரண்டு பேர், தங்களை யாரும் கேட்கவில்லை என்று நடைபாதையில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நானும்தான்.

குடியரசுத் தலைவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியே அழைத்துக் கேட்கலாம். மலேசியாவில் 2020 பிப்ரவரியில் மாமன்னர் அப்படித்தான் நாடாளுமன்ற உறுப்பினர்களை அரண்மனைக்கு வரவழைத்துக் கேட்டார். இல்லையென்றால் கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டு அவையிலேயே எண்ணிப் பார்க்கலாம். பெரும்பான்மையைச் சோதிக்க வேண்டிய இடம் அவைதான், ஆளுநர் மாளிகை அல்ல என்பது 1994-ஆம் ஆண்டு எஸ்.ஆர். பொம்மை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் மாநில அரசுகள் தொடர்பாகச் சொன்னது.

அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். மறுநாள் காலைக்குக் குறித்திருந்த வாக்கெடுப்பை அன்று பிற்பகலுக்கே கொண்டுவந்தார். அன்று எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிகச் சிறந்தது இது என்று நான் கருதுகிறேன். ஓர் இரவு இடைவெளி கிடைத்திருந்தால் பேரம் இன்னும் பத்துப் பேருக்குப் பரவியிருக்கும்.

சபாநாயகர் நாற்காலியின் விலை

நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவைச் செயலராக இருந்த ஆசிரியர் அந்தத் தேர்தலை நடத்தினார். மூன்று கட்சி அணி வெள்ளைக் கட்சி மாணவர் ஒருவரை நிறுத்தி 31-க்கு 29 என்று வென்றது. கைதட்டல் அடங்கவே நேரமானது. ஜெயித்ததில் தாங்கள் ஒரு வாக்கை இழந்துவிட்டோம் என்பது அவர்களில் யாருக்கும் உறைக்கவில்லை. இருபுறமும் சமமாக வந்தால் மட்டுமே சபாநாயகர் வாக்களிப்பார் என்பது விதி. ஆக அணியின் பலம் 30 ஆகிவிட்டது.

அடுத்து நீலப் பிரதமர் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு. பெயர் எழுதிய சீட்டுகளில் வாக்களித்தார்கள். ஆதரவு 29, எதிர்ப்பு 30. ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது.

அரங்கம் அப்படியே உறைந்துபோனது. 1999 ஏப்ரல் 17-ஆம் தேதி வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று தோற்றதைப் பாடமாகப் படித்தவர்கள்தான் அத்தனை பேரும். தங்கள் கையிலிருந்த சீட்டில் அது நடந்தபோது முகங்கள் வேறாக இருந்தன.

கலைக்கச் சொன்ன பிரதமர்

தோற்ற நீலத் தலைவர் நேரே குடியரசுத் தலைவரிடம் போய், அவையைக் கலைத்துவிட்டு மறுதேர்தல் நடத்தச் சொன்னார். விதித்தாளில் இதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. என்னைப் பார்த்தார்கள். "நீங்களே முடிவெடுங்கள், காரணத்தை எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

குடியரசுத் தலைவர் மறுத்தார். எழுதிக் கொடுத்த காரணங்கள் இரண்டு: இந்த அவை பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, ஆட்சி அமைக்க வேறொருவர் முன்வந்திருக்கிறார். 1950-இல் பிரிட்டன் மன்னரின் தனிச் செயலர் ஆலன் லாசெல்ஸ், ஒரு நாளிதழுக்குப் புனைபெயரில் எழுதிய கடிதத்தில், மன்னர் கலைப்பை மறுக்கலாம் என்பதற்குச் சொன்ன காரணங்களில் இரண்டை அந்த மாணவி தானாகவே கண்டுபிடித்திருந்தார்: நடப்பு அவை இன்னும் இயங்கக்கூடியதாக இருப்பது, பெரும்பான்மையோடு ஆளக்கூடிய இன்னொருவர் கிடைப்பது. பொருளாதாரத்துக்குத் தேர்தல் கேடு செய்யும் என்பது லாசெல்ஸ் சொன்ன இன்னொரு காரணம்.

மறுப்பதில் ஆபத்தும் உண்டு. 1926-இல் கனடாவின் தலைமை ஆளுநர் பிங், பிரதமர் மெக்கென்சி கிங் கேட்ட கலைப்பை மறுத்து ஆர்தர் மீகனை அழைத்தார். மீகன் சில நாட்களிலேயே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அவையில் தோற்றார். கடைசியில் கலைக்கத்தான் வேண்டியிருந்தது. எங்கள் மாணவிக்கும் ஏறக்குறைய அதே நிலைதான் வந்தது.

எதிர்ப்பு வேறு, ஆதரவு வேறு

பச்சைத் தலைவர் அழைக்கப்பட்டார். காலையில் ராஜினாமா செய்த அதே மாணவி, மாலையில் மீண்டும் பதவிப் பிரமாணம் எடுத்தார். நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 28, எதிர்ப்பு 29, நடுநிலை 2.

அந்த இரண்டு பேர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நடைபாதையில் நின்றவர்கள்தான். "நீல ஆட்சி வேண்டாம் என்று வாக்களித்தோம். பச்சை ஆட்சி வேண்டும் என்று எப்போது சொன்னோம்?" என்று கேட்டார்கள். இரண்டு நாளில் நான் கேட்ட மிகத் தெளிவான வாக்கியம் இதுதான். 1999-இல் வாஜ்பாய் அரசை வீழ்த்திய 270 பேரும் ஓர் அரசை அமைக்க ஒன்றுசேரவில்லை. 272 பேரின் ஆதரவு இருப்பதாகக் காங்கிரஸ் தலைவர் சோனியா காந்தி சொன்னார், அது கைகூடவில்லை. மக்களவை கலைக்கப்பட்டது. ஒருவரை இறக்கும் கூட்டமும் இன்னொருவரை ஏற்றும் கூட்டமும் ஒன்றே என்று எண்ணிவிடுவது மிகச் சாதாரணமான பிழை.

அன்றிரவு விடுதியில் பேச்சு நீண்டது. நாங்கள் ஆசிரியர்கள் யாரும் தலையிடவில்லை. மறுநாள் காலை ஏற்பாடு தயாராக இருந்தது: பச்சைத் தலைவர் ஒதுங்கிக்கொள்வார், மஞ்சள் கட்சித் தலைவர் பிரதமராவார், வெள்ளைக் கட்சியின் இருவரும் அணிக்குத் திரும்புவார்கள். இந்த முறை ஒவ்வொருவரும் தனித்தனியே கையெழுத்திட்டார்கள். வாக்கெடுப்பில் ஆதரவு 32, எதிர்ப்பு 27.

ஒன்பது இடங்கள் உள்ள கட்சியிலிருந்து பிரதமர். நீலக் கட்சியினர் கொதித்துப்போனார்கள்: "25 பேரை மக்கள் அனுப்பியிருக்கிறார்கள், ஒன்பது பேர் ஆள்வதா?" 1996-இல் தேவ கவுடா பிரதமரானபோது அவரது ஜனதா தளத்துக்கு மக்களவையில் இருந்தது 46 இடங்கள்தான். 1924-இல் பிரிட்டனில் ராம்சே மெக்டொனால்டு 191 இடங்களோடு ஆட்சி அமைத்தார். அவையில் முதலிடம் 258 இடங்கள் பெற்ற கன்சர்வேட்டிவ் கட்சிக்குத்தான். இரண்டு அரசுகளும் ஓர் ஆண்டைத் தாண்டவில்லை. சட்டப்படி இதில் குறை இல்லை என்பது என் கருத்து. ஆனால் இரவல் பலத்தில் நிற்கும் பிரதமர், இரவல் கொடுத்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஆள முடியும். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று மாணவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே சீட்டுகள், வேறு விதி

இரண்டாம் நாள் பிற்பகலுக்குத் திட்டமிட்டிருந்தது பட்ஜெட் விவாதம். அதைத் தள்ளி வைத்தேன். உறையில் இருந்த பழைய வாக்குச்சீட்டுகளை மேசையில் கொட்டி, வேறு நாட்டு விதிகளில் மறுபடி எண்ணச் சொன்னேன். பயிற்சியின் உயிர்நாடி இதுவாகத்தான் அமைந்தது.

முதலில் சுவீடன். அங்கே 1975 முதல் பிரதமர் பெயரை முன்மொழிவது சபாநாயகர். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் எதிர்த்தால் மட்டுமே அந்தப் பெயர் விழும். ஆதரவு எத்தனை என்பது கணக்கிலேயே இல்லை. 2021 நவம்பரில் மக்தலேனா ஆண்டர்சனுக்கு ஆதரவாக 117 பேர், எதிராக 174 பேர். 349 பேர் கொண்ட அவையில் அவரை வீழ்த்த 175 தேவைப்பட்டதால் அவர் தேர்வானார். அன்றே கூட்டணி முறிந்து விலகி, சில நாட்களில் அதே வழியில் மீண்டும் தேர்வானது தனிக் கதை. இந்த விதியை எங்கள் முதல் வாக்கெடுப்புக்குப் பொருத்தினால்? நீலத் தலைவருக்கு எதிர்ப்பு 30. வீழ்த்தத் தேவை 31. அவர் தோற்கவே இல்லை!

பிறகு ஜெர்மனி. அங்கே சான்சலராக (பிரதமருக்கு இணையான பதவி) வேண்டியவர் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவை முதல் சுற்றுகளில் பெற்றாக வேண்டும். 2025 மே 6-ஆம் தேதி பிரீட்ரிக் மெர்ஸ் 316 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 310 மட்டுமே பெற்று முதல் சுற்றில் தோற்று, அன்றே இரண்டாவது சுற்றில் வென்றார். இந்தக் கணக்கில் எங்கள் நீலத் தலைவரும் (29) பச்சைத் தலைவரும் (28) அந்தச் சுற்றுகளில் தேறியிருக்கவே மாட்டார்கள். 32 பெற்ற மஞ்சள் தலைவர் மட்டும் தேறுவார்.

அப்புறம் இன்னொன்று. ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவுப்படி, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பவரை இறக்க முடியாது. பதவியில் அமர்ந்துவிட்ட நீலத் தலைவரை அந்த விதியில் இறக்கப் பச்சைத் தலைவருக்கு 31 வாக்குகள் வேண்டும். அவரிடம் இருந்ததோ 28. நீலத் தலைவர் அப்படியே தொடர்ந்திருப்பார்.

சீட்டுகள் மாறவில்லை. கையெழுத்துகள் மாறவில்லை. நிரூபிக்கும் சுமையை வர நினைப்பவர் மேல் வைப்பதா, தடுக்க நினைப்பவர் மேல் வைப்பதா என்பது மட்டும் மாறியது, பிரதமர் மாறிவிட்டார். "அப்போ பெரும்பான்மை யாருக்குத்தான் இருந்தது?" என்று ஒரு மாணவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் எல்லோருமாக முயன்றோம்.

மறுபடி நடத்தினால்

விதித்தாளில் அழைக்கும் வரிசையை எழுதிவிடுவேன். 1988-இல் அறிக்கை தந்த சர்க்காரியா ஆணையம் மாநில ஆளுநர்களுக்காக அப்படி ஒரு வரிசையைப் பரிந்துரைத்தது: தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி, அடுத்து பிறர் ஆதரவோடு வரும் தனிப்பெரும் கட்சி, அதன்பின் தேர்தலுக்குப் பிறகு உருவான கூட்டணிகள். அதை அப்படியே எடுக்காவிட்டாலும், ஏதோ ஒரு வரிசை முன்கூட்டியே இருந்தால் குடியரசுத் தலைவராக இருப்பவர் பாரபட்சப் பழிக்குப் பயந்து முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆதரவுக் கடிதத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும் என்பதையும், பதவியேற்ற 24 மணி நேரத்துக்குள் வாக்கெடுப்பு என்பதையும் சேர்ப்பேன். சபாநாயகரின் வாக்கு பற்றிய விதியைத் தேர்தலுக்கு முன்பே உரக்கப் படித்துக் காட்டுவேன்.

கட்சி மாறி வாக்களிப்பதைப் பற்றி நான் எதுவும் எழுதாததும் ஒரு குறை. இந்திய அரசமைப்பில் 1985 முதல் உள்ள பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி போகலாம். அந்த விதி இருந்திருந்தால் வெள்ளைக் கட்சியின் இருவரும் அவ்வளவு எளிதாகப் போய் வந்திருக்க மாட்டார்கள். மஞ்சள் கட்சியின் இருவரும் நடுநிலை வகித்திருக்க முடியாது. இது நல்லதா என்று எனக்கே இரண்டு மனம்.

கட்சித் தலைவர்களை நானே நியமித்ததுதான் மிகப் பெரிய விடுபடல். உண்மையில் தேர்வின் முதல் கட்டம் கட்சிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. 2022-இல் பிரிட்டன் பொதுத் தேர்தல் எதுவும் இல்லாமலே மூன்று பிரதமர்களைக் கண்டது. லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தது கட்சி உறுப்பினர்களின் வாக்கு. அடுத்த முறை முதல் நாள் முழுவதையும் கட்சிகளின் உட்கூட்டங்களுக்கே ஒதுக்கப் போகிறேன்.

ராஜினாமா விஷயத்தில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அந்த மாணவி விலகாமல் அவையைச் சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீலத் தலைவர் பிரதமர் ஆகாத நிலையில் வெள்ளைக் கட்சியின் இருவர் அந்தப் பக்கம் போயிருப்பார்களா என்பதிலேயே கணக்கு நின்றுவிட்டது. அவர்கள் இருவரையும் கேட்டோம். ஒருவர் போயிருப்பேன் என்றார், மற்றவர் போயிருக்க மாட்டேன் என்றார்.